மாட்டு மருந்துத் தொட்டியருகே ஒரு பெஞ்சு

மட்சேனா கிராமம், புஹேரா
4 மார்ச் 2013

தங்கை ஸெலினாவுக்கு,

நீ உறங்கி எழுந்தாய் என்றால் நானும் உறங்கி எழுந்தேன். படுக்கையில் இருக்கும் உன் வீட்டுக்காரருக்குக் கை அசைய ஆரம்பித்ததா? மழை இந்த ஆண்டும் சோளத்தை ஏமாற்றியது. என் முழங்கால் மட்டும் ஏமாற்றுவதில்லை, தினமும் தவறாமல் வலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஹராரேயில் கிளினிக் வாசலில் பெஞ்சு போட்டு, மனம் நொந்து வருகிறவர்களின் பேச்சை உட்கார்ந்து கேட்கிறாய் என்று எழுதியிருந்தாய். உன் பேட்டையில் மட்டும் மூன்று பெஞ்சாம். எங்கள் வார்டில் எத்தனை? ஒன்றும் இல்லை. யோசனை முற்றிப் படுத்துக் கிடப்பவர்கள் தலைநகரில் மட்டும்தான் பிறக்கிறார்களா? இங்கே கிளினிக்குக்கு ஆற்றைத் தாண்டி அரை நாள் நடக்க வேண்டும். நடந்து போனால் தலைவலி மாத்திரை தருகிறார்கள். மனசு வலிக்கிறது என்றாலும் அதே மாத்திரைதான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் புகையிலை சுருட்டக் கிழிக்கும் முன் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பவன். சமநீதி என்று அதில்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த நீதி எங்கள் ஆற்றை எப்போது கடக்கும்? பெஞ்சு வேண்டும் என்று யாருக்கு எழுதுவது, சொல்.

முனாஷே நலம். மாடுகளைப் பார்த்துக்கொள்கிறான்.

உன் அண்ணன்,
ஜைரோஸ்


முஃபகோசே, ஹராரே
25 மார்ச் 2013

அண்ணனுக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருந்தால் நாங்களும் இருக்கிறோம். இவருக்கு விரல் அசைகிறது, கை இன்னும் இல்லை. ஒரு மணி நேரம் விட்டுவிட்டு நகர முடிவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்ளும் காலை வேளைகளில்தான் நான் பெஞ்சுக்குப் போகிறேன்.

அண்ணா, பெஞ்சு மரச்சாமான் இல்லை. உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும். ஆபத்தில் இருப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நர்ஸ் வேண்டும். உங்கள் கிளினிக்கில் சிஸ்டர் மபிகா இருக்கிறாளே, நல்லவள். அவளிடம் கேளுங்கள். அதற்கு முன் ஊரைக் கூட்டி, என்ன வேண்டும், எங்கே வேண்டும் என்று ஊரைக் கேளுங்கள்.

பெஞ்சு யாருக்காக என்று நீங்கள் எழுதவில்லை. நானே எழுதிவிடுகிறேன். உங்கள் இரண்டு பிள்ளைகளும் தென்னாப்பிரிக்காவுக்கு வேலை தேடிப் போனார்கள். திரும்பும் வழியில் லிம்போபோ ஆற்றின் வெள்ளம் பெரியவன் லவ்மோரைக் கொண்டுபோனது. சின்னவன் மட்டும் திரும்பி வந்தான். இரண்டு வருஷம் ஆகிறது. முனாஷே வாய் திறப்பதில்லை, வீட்டுக்குள் படுப்பதில்லை, முழங்கால் அளவு ஓடையைக்கூடத் தாண்டாமல் மாடுகளைச் சுற்றி ஓட்டிப் போகிறான் என்று பஸ் கண்டக்டர் சொன்னான். கண்டக்டர் சொல்லித்தான் என் மருமகனைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டுமா?

ஸெலினா


மட்சேனா
20 ஏப்ரல் 2013

தங்கைக்கு,

எல்லோரும் நலம். உன் வீட்டில் விரலுக்கு அடுத்தது கைதான். பொறுமையாக இரு.

கண்டக்டரின் வேலை டிக்கெட் கிழிப்பது. அதை அவனிடம் சொல்லிவிட்டேன்.

பெஞ்சை நானே செய்துவிட்டேன். அரசாங்கம் மரம் வளர்த்து, வெட்டி, அறுத்து அனுப்பும் என்று காத்திருந்தால் நான் மண்ணுக்குள் போயிருப்பேன். ரத்தச் சாறு வடியும் முபன்ஸ மரம், கறையான் தொடாது. யானை உட்கார்ந்தாலும் தாங்கும். ஊரிலேயே மரியாதையான இடத்தில் வைத்தேன், நாங்கள் பெரியவர்கள் பஞ்சாயத்துக்கு உட்காரும் மரத்தடியில். நல்ல நிழல். சிஸ்டர் மபிகா வந்து பார்த்தாள். "மரம் நல்லா இருக்கு தாத்தா, ஆனா இங்கயா?" என்றாள். அவளுக்கு வயது முப்பது இருக்குமா? இங்கேதான் என்றேன்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு ஈ உட்காரவில்லை. ஒருநாள் சாமுவேலின் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "உட்காரும்மா, என்ன கஷ்டம்?" என்றேன். "கஷ்டம் ஒண்ணும் இல்ல, கோழி இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். கோழி அவள் கையிலேயே இருந்தது.

இந்த ஜனங்களுக்கு நல்லது செய்யக்கூடாது.

ஜைரோஸ்


முஃபகோசே
6 மே 2013

அண்ணா,

நலம்தானே? உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். கோழி வந்த இடத்தில் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு இதுதான் முதல் சிரிப்பு. அதற்கு நன்றி.

அந்த மரத்தடியில்தானே ஊரார் அபராதமாக மாடு கட்டுகிறார்கள்? சோரம் போனவளையும் திருடினவனையும் விசாரிப்பதும் அங்கேதானே? அங்கே ஒரு பெண் உட்கார்ந்தால், பொழுது சாயும் முன் அவள் என்ன குற்றம் செய்தாள் என்று ஊரே பேசும். சம்மன் இல்லாமல் யார் அங்கே வந்து உட்காருவார்கள்?

நம் மான் குலத்துப் பெண்களுக்குத்தான் பிடிவாதம் என்று நாடே சொல்கிறது. நாடு உங்களைப் பார்க்கவில்லை. ஊரைக் கூட்டுங்கள் அண்ணா. கூட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஸெலினா


மட்சேனா
2 ஜூன் 2013

தங்கைக்கு,

குளிர் வந்துவிட்டது. உன் வீட்டுக்காரருக்குக் கம்பளி போதுமா?

நீ சொன்னபடி கூட்டினேன். அவமானம்தான் மிச்சம். சிஸ்டர் மபிகா நடுவில் உட்கார்ந்து, "மனசு பாரமா இருக்கும்போது எங்க போய் உக்காருவீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். பெண்கள் குழாயடி என்றார்கள். வாலிபர்கள் மாட்டு மருந்துத் தொட்டி என்றார்கள். உண்ணி போக மருந்துத் தண்ணீரில் மாடுகளை இறக்க வரிசையில் காத்திருக்கும் நேரத்தில், யாரும் யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லையாம். மாட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாமாம். நாற்றமெடுக்கும் அந்த இடமா என்றேன். "தாத்தா, உங்க மரத்தடியில நியாயம் மணக்குது. அதான் பயமா இருக்கு" என்றான் ஒரு பயல். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து, உட்கார்ந்து கேட்க ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மரம் என்னுடையது, உழைப்பு என்னுடையது. என் பெயரை யாரும் சொல்லவில்லை. நானே சொன்னேன். சாமுவேலின் மனைவி எழுந்து, "பெரியவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு. ஆனா வாய் முந்திக்கிட்டு வந்துடுமே" என்றாள். குழாயடிக்கு அவளையே தேர்ந்தெடுத்தார்கள். மருந்துத் தொட்டிக்கு யாரைத் தெரியுமா? எனோக்கை!

நம் குடும்பத்தின் சஹ்விரா, சடங்குத் தோழன், என்ற பெயர் அவன் வீட்டாருக்கு நம் பாட்டன் காலத்திலேயே வாய்த்துவிட்டது. கல்யாணத்திலும் சாவிலும் நம்மை எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம், யாரும் சொல்லத் துணியாததை முகத்துக்கு நேரே சொல்லலாம். சரி. அதற்காக? லவ்மோர் செய்தி வந்த அன்றே சாவுச் சடங்கு செய்ய முரசும் ஆடுமாக என் வாசலில் வந்து நின்றவன் அவன். பிணம் எங்கே என்று கேட்டேன். பிணமில்லாமல் சாவு ஏது? அன்று வாசலைச் சாத்தியவன்தான், இன்றுவரை அவனோடு பேச்சில்லை. என் நாய்க்கு 'வராதே' என்று பெயர் வைத்து, அவன் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் சத்தமாகக் கூப்பிடுகிறேன். அவன் தன் எருதுக்கு 'வருவேன்' என்று பெயர் வைத்திருக்கிறான்.

பெஞ்சைத் தூக்கி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

முனாஷேயும் என்னைச் சோதிக்கிறான். தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ரேடியோவை சாமுவேலின் மகனுக்குச் சும்மா கொடுத்துவிட்டான். குளிரில் நல்ல காலணியைக் கழற்றி இன்னொருவனுக்குக் கொடுத்தான். நேற்று தன் கன்றுக்குட்டியைக் காட்டி, இது சித்தி மகளுக்கு என்று ஜாடை செய்கிறான். இந்த வயதில் இப்படி ஊதாரித்தனம் செய்தால் எப்படிக் குடும்பம் நடத்துவான்?

ஜைரோஸ்


முஃபகோசே
5 ஜூன் 2013

அண்ணா,

இன்று விசாரிப்பு இல்லை. பஸ்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அது ஊதாரித்தனம் இல்லை. போகிறவன்தான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போவான். என் பெஞ்சில் இதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு தாய் வந்து சொல்வதற்குள் காலம் கடந்துவிட்டது.

அவனைத் தனியாக விடாதீர்கள். கயிறு, பூச்சி மருந்து, மாட்டு மருந்து எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். அது அங்கே ஏற்கெனவே இருக்கிறது. கேட்டால்தான் அவனால் இறக்கி வைக்க முடியும். சிஸ்டர் மபிகாவுக்கு ஆள் அனுப்புங்கள்.

அத்தையான நான் கேட்க வேண்டியது. இவரை விட்டு வர முடியாமல் கிடக்கிறேன்.

ஸெலினா


மட்சேனா
9 ஜூன் 2013

தங்கைக்கு,

முனாஷே இருக்கிறான். முதலில் அதைப் படி.

உன் கடிதம் வந்த அன்று அவன் காலடியில் குறுக்கே பாய் போட்டுப் படுத்தேன். அவன் வெளியில்தான் படுப்பான், ஆகவே நானும் வெளியில். என்னைத் தாண்டாமல் அவன் எழ முடியாது. ஆனால் நீ கேட்கச் சொன்னதை என்னால் கேட்க முடியவில்லை. தகப்பன் வாயிலிருந்து மகனை நோக்கி அந்தச் சொல் வந்தால் அது சாபம். அத்தை கேட்கலாம், சஹ்விரா கேட்கலாம். நம் முன்னோர் இதை வேலை மெனக்கெட்டு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள்.

மறுநாள் மருந்துத் தொட்டிக்கு மாடுகளை ஓட்டும் நாள். பெஞ்சை வண்டியில் ஏற்றினேன். முனாஷேயை மாடுகளோடு முன்னால் விட்டேன். எனோக் வரிசையின் கடைசியில் நின்றிருந்தான். அவன் பக்கத்தில் பெஞ்சை இறக்கினேன். அவனிடம் நான் பேசவில்லை. அவன் எருதிடம் பேசினேன்.

"ஏய் வருவேன், உன் எஜமானுக்கு ஊர் ஓட்டு போட்டுச்சே, ஒரு கேள்வி கேக்கத் தெரியுமா அவனுக்கு? ஒரு பையன் ரேடியோவைக் குடுத்துட்டான், செருப்பைக் குடுத்துட்டான், கன்னுக்குட்டியையும் குடுத்துட்டான். இனி குடுக்க என்ன மிச்சம் இருக்குன்னு கேக்கச் சொல்லு."

எனோக் வழக்கமாக அரை வார்த்தைக்கு முன் கேலி செய்கிறவன். அன்று தொப்பியைக் கழற்றினான். "முனாஷே, வாப்பா. உங்கப்பன் பெஞ்சு கோணலா இருக்கு, நீயும் உக்காந்தாத்தான் நேராகும்" என்றான். பெஞ்சு கோணல் இல்லை. ஆனால் முனாஷே உட்கார்ந்தான்.

நான் மாடுகளின் மறுபக்கம் நின்றேன். கேட்கவில்லை. கேட்க முயன்றேன், மாடுகள் கத்தின. எல்லோருடைய மாடுகளும் குளித்து முடிந்தும் இருவரும் எழவில்லை. இரண்டு வருஷமாக அசையாத அந்த வாய் அசைவதை மட்டும் பார்த்தேன்.

பிறகு எனோக் என் நாயிடம் வந்து குனிந்தான். "வராதே, உன் எஜமான்கிட்ட சொல்லு. காலையில பையனை ஆத்துல இறக்காம, பாலம் வழியா சுத்தி நான் சிஸ்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். கயிறு, மருந்து, கோடாலி எல்லாம் இன்னிக்கே என் வீட்டுக்கு வந்துடணும்."

எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். தண்ணீர் இறைக்கக் கயிறில்லாமல் கொடியைத் திரித்துக் கட்டியிருக்கிறேன்.

ஜைரோஸ்


முஃபகோசே
30 ஜூன் 2013

அண்ணா,

நீங்கள் உறங்கினீர்களா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

முனாஷேயை ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து மாத்திரை தந்ததாக சிஸ்டர் மபிகா எழுதியிருக்கிறாள். தினமும் கொடுங்கள், முகம் தெளிந்தது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். இன்னொன்று, பெஞ்சில் சொன்னது பெஞ்சோடு. என்ன சொன்னான் என்று யாரையும் கேட்கக்கூடாது.

இவருக்குக் கை அசைந்தது. முதல் வேலையாகக் கம்பளியை உதறித் தள்ளினார்.

ஸெலினா


மட்சேனா
22 செப்டம்பர் 2013

தங்கைக்கு,

கை அசைந்தது நல்ல செய்தி. இங்கே வெயில் ஏறிவிட்டது.

முனாஷே மாத்திரை சாப்பிடுகிறான். குழம்பில் உப்பு குறைந்தால் "உப்பு" என்கிறான். மருந்துத் தொட்டி நாளில் பெஞ்சில் உட்காருகிறான். இப்போது அங்கே அவனுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். வாலிபர்களுக்கு இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பிற்பகலில் வெயில் நேராக விழுகிறது. இடம் தவறு என்று அன்றே சொன்னேன்.

கேட்கக்கூடாது என்று எழுதியிருந்தாய். கேட்டேன். நான் தகப்பன். எருதை விட்டுவிட்டு நேராகவே கேட்டேன், "ஆத்துல என்ன நடந்துச்சுன்னு சொன்னானா?" என்று. எனோக் சொன்னான்: "உன் மகன் சொன்னது உன் மகனோடது, ஜைரோஸ். நீ என்னை அடிச்சாலும் சரி. அடிக்கறதுன்னா சொல்லு, பல்லைக் கழட்டி வச்சிடறேன், போன வருஷம்தான் கட்டினது."

போய்த் தொலை என்றேன். போகவில்லை. "உனக்குச் சொல்லச் சொன்னது ஒண்ணு இருக்கு. அண்ணனுக்குச் சாவுச் சடங்கு வேணுமாம். இந்தப் பையன் ரெண்டு வருஷமா அழாம நின்னுக்கிட்டிருக்கான். நீ அழ விடல."

பிணம் எங்கே ஸெலினா? நான் அன்று கேட்டதையே இன்றும் கேட்கிறேன். கண்ணால் பார்க்காத பிள்ளையை எப்படிப் புதைப்பது? அவன் நீந்தி அந்தப் பக்கம் ஏறியிருந்தால்? நினைவு தப்பி எங்காவது தோட்டத்தில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தால்? திரும்பி வரும்போது தன் குழிமேட்டைப் பார்க்க வேண்டுமா?

ஜைரோஸ்


முஃபகோசே
14 அக்டோபர் 2013

அண்ணா,

நாங்கள் நலம். நீங்கள் நலமில்லை என்று தெரியும்.

போரில் காணாமல் போன சித்தப்பாவுக்கு அப்பா என்ன செய்தார்? ஆட்டுத் தலையைத் துணியில் சுற்றி, பேர் சொல்லிப் புதைத்தார். அப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை இல்லையா? வேலியோரம் போய் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாரே. ஆனாலும் புதைத்தார், ஏனென்றால் சித்தியும் பிள்ளைகளும் வாழ வேண்டியிருந்தது.

லவ்மோரை எதிர்பார்த்து நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கிறவனை யார் பார்ப்பது?

அடுத்த மாதம் நவம்பர், முன்னோர் ஓய்வெடுக்கும் மாதம். எந்தச் சடங்கும் ஆகாது. இந்த மாதமே செய்யுங்கள்.

ஸெலினா


மட்சேனா
15 டிசம்பர் 2013

தங்கைக்கு,

உன் வீட்டில் எல்லோரும் உறங்கி எழுந்தீர்களா? முதல் மழை விழுந்தது. விதைத்துவிட்டோம்.

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத இவ்வளவு நாளா என்று திட்டுவாய். நவம்பரில் சடங்கு ஆகாது, நானா அந்த விதியைப் போட்டேன்? போன வாரம் முடித்துவிட்டோம்.

ஆட்டை முனாஷே தேர்ந்தெடுத்தான். குழியையும் அவனே வெட்டினான், அவன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில். தலையை வெள்ளைத் துணியில் சுற்றி எனோக் தூக்கி வந்தான். பேரை நான்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னேன். ஒருமுறை சொன்னால் போதும் என்றார்கள், அதற்கு மேல் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சாமுவேலின் மனைவி என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கு வாய் நீளம், கையும் நீளம்.

எனோக் நான்கு நாள் என் வீட்டில் இருந்து தின்றான். இறைச்சியில் நல்ல துண்டு சஹ்விராவுக்காம். என்னை அடுப்புக்கு விறகு சுமக்க வைத்தான். "துக்கக்காரன் சும்மா உக்காந்தா மூளை புளிச்சிடும், தூக்குய்யா" என்று ஊர் பார்க்க அதட்டினான். தூக்கினேன்.

முரசு அடிக்க ஆரம்பித்ததும் அவன் தன் வேலையைத் தொடங்கினான். லவ்மோர் விட்டுப்போன நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு அவனைப் போல நடந்து காட்டினான். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, பெண்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு. பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்கு எழுந்து அவனைத் தள்ள வேண்டும் போல இருந்தது. விறகு கையில் இருந்தது.

அப்போது முனாஷே எழுந்தான்.

"தப்பு" என்றான். அவ்வளவு சத்தமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. முரசு நின்றது. "அண்ணன் அப்படியா நடப்பான்? யோவ் எனோக், கோட்டைக் கழட்டு. உனக்குத் தெரியல."

எனோக் உடனே கழற்றிக் கொடுத்தான்.

முனாஷே கோட்டை மாட்டினான். கோட்டின் தோள் அவனுக்குப் பெரிதாக இருந்தது. வாசலிலிருந்து சமையல் குடிசை வரை நடந்தான். வலது தோள் முன்னால் போயிற்று. இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டு மறுபடி நடந்தான். சின்னதிலிருந்தே லவ்மோர் அப்படித்தான் நடப்பான், ஸெலினா. நான் மறந்திருந்தேன்.

"எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கறான்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"நான் வரேனான்னு பாப்பான்" என்றான் முனாஷே.

சொல்லிவிட்டு அந்தக் கோட்டோடு முற்றத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதான். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் அவனைப் போதும் என்று சொல்லவில்லை. முரசுக்காரன் மெதுவாக அடிக்க ஆரம்பித்தான்.

ஆட்டுத்தோல் நிழலில் கிடந்தது. அதைக் காயப்போட வேண்டும் என்று சொல்லி நான் வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே எனக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

அண்ணன்,
ஜைரோஸ்